கூரைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அரியானூர் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. 20,000 சதுர அடியில் குடோன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். ‘பசுமைக் கட்டடமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான், சோலார் வேண்டுமென்றால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்கிறார் ஷெட் போடுபவர். கேட்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அந்த ‘அப்புறம்’தான் இடிக்கிறது. சோலார் பேனலும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. தூணையும், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினையும் ஷீட் எடைக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திவிட்டால், நான்கு வருஷம் கழித்து பேனல் மாட்ட வருபவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு முடியாது என்று இறங்கிவிடுவார். டிசைன் போடும் இன்ஜினியரிடம் பேனலின் எடையையும், காற்று அதைத் தூக்கும் விசையையும் சேர்க்கச் சொல்லி எழுதியே கொடுங்கள். இரும்பு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும், அதனால் பாதிக் கூரையிலேயே 100 கிலோவாட் போடலாம், நாளுக்கு 400 யூனிட் வரை வரும். வெறும் மூட்டை அடுக்க அவ்வளவு கரண்ட் வேண்டாம்தான், ஆனால் நாளை வாடகைக்கு வருபவர் குளிர்பதன அறை வைத்தால் வேண்டும். கூரை முழுக்கத் தாங்கும்படி இப்போதே கட்டிவிடுங்கள், பேனலைத் தேவை வரும்போது வாங்குங்கள்.

ஆனால் எனக்கு சோலாரை விடப் பெரிதாகப் படுவது உள்ளே இருக்கும் வெக்கை. ஒரு சித்திரை மாதம், மதியம் இரண்டு மணிக்கு ஒரு குடோனில் ஜவ்வரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நானும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வியர்த்ததே தவிர தாங்க முடியாத சூடு இல்லை. அடுக்கிய மூட்டைகளின் உச்சியில் நின்று மூட்டை வாங்கிய லோடுமேன் மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி வந்து ஷட்டர் ஓரம் நின்று மூச்சு வாங்கினார். சூடான காற்று மேலேதான் போய் நிற்கும், அவர் தலைக்கு மேல் நான்கடியில் ஷீட். கூரையில் சுழன்று சூட்டை வெளியேற்றும் டர்போ வெண்டிலேட்டர் எட்டு இருந்தன. ஆனால் எலி வருகிறது என்று கீழே இருந்த ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாதபோது வெண்டிலேட்டர் எதை வெளியேற்றும்? சுவரின் அடிப்பக்கம் கம்பி வலை போட்ட லூவர் (சாய்வான பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு), உச்சியில் நீளமான திறப்பு, இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும்.

அப்புறம் ஷீட். பளபளக்கும் ஜிங்க் ஷீட் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு அனுப்பும், ஆனால் ஏறிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்யும். வெள்ளை ஷீட் வாங்குங்கள், அடியில் கண்ணாடி இழைக் கம்பளி (கிளாஸ் வூல்) போன்ற, சூட்டைத் தடுக்கும் காப்பு கொடுங்கள், வருஷம் ஒருமுறை தூசியைக் கழுவிவிடுங்கள். வெளிச்சத்துக்கு ஒளி ஊடுருவும் ஷீட் போடுவதென்றால் கூரைப் பரப்பில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு போதும், அதற்கு மேல் போனால் வெளிச்சத்தோடு சூடும் இறங்கும். நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மனை அதற்கு இடம் கொடுக்காவிட்டால், லாரி நிற்கும் மேற்குப் பக்கத்தில் சாய்ப்பை நன்றாக வெளியே இழுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு மேட்டில், லாரி நிறுத்தும் இடத்தோடு பெரிய குடோன் வந்துவிட்டது. தரை முழுக்க கான்கிரீட். இப்போது கோடை மழைக்கே எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கிறது. கேட்டால், மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டியிருக்கிறோமே என்கிறார்கள்.
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: குழி இருக்கிறதா என்று கேட்காதீர்கள் அம்மா, எவ்வளவு பெரிய குழி என்று கேளுங்கள். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அதன் பிறகு பேருக்கு ஒரு குழி வெட்டுவதும் வழக்கமாகிவிட்டது. மூன்றடி நீள அகலம், மூன்றடி ஆழம் என்றால் 765 லிட்டர்தான் கொள்ளும், ஜல்லி கொட்டினால் அதுவும் குறையும். 20,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90,000 லிட்டருக்கு மேல் வரும். மிச்சமெல்லாம் உங்கள் தெருவுக்குத்தான் வருகிறது.

சேர்வராயன் அடிவாரத்தில் மண்ணுக்குக் கீழே கடினப் பாறை, தண்ணீர் விரிசல் வழியாகத்தான் இறங்கும், அவசரமாக இறங்காது. அதனால் முதலில் பெரிய தொட்டியில் நிறுத்தி, வடிகட்டி, மெல்ல மெல்ல போர்வெல்லுக்கு அனுப்ப வேண்டும். வருஷ மழையை 900 மில்லிமீட்டர் என்று வைத்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் அந்தக் கூரையிலிருந்து 13 லட்சம் லிட்டர் கிடைக்கும். வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் அவர்களுக்கே உதவும். இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள்: லாரி நிற்கும் தரையின் தண்ணீரும் அதே குழிக்குப் போகிறதா? போகக் கூடாது. டீசலும் ஆயிலும் கலந்த தண்ணீர் பாறை விரிசலில் இறங்கினால் சுற்றிலும் எல்லோருடைய போர்வெல்லும் கெடும். கூரைத் தண்ணீர் தனி, தரைத் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத் தனி.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் தாத்தா கட்டிய குடோன். சுவர் செங்கல், கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: சுவர் விரிசலில்லாமல், ஈரம் ஏறாமல் இருந்தால் இடிக்காதீர்கள். புதுக் கட்டடத்துக்கான இரும்பையும் சிமென்டையும் தயாரிக்கும்போதே ஏராளமான கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. கூரையை மட்டும் மாற்றுங்கள். எங்காவது சுவரைச் சேர்க்க வேண்டியிருந்தால், மேட்டூர் அனல் மின்நிலையத்துச் சாம்பலில் செய்த கல் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது, சூளையில் சுட வேண்டியதில்லை. பழைய ஷீட்டைச் சுத்தியால் உடைத்து இறக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள், இறக்குபவர்களுக்கு நல்ல முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கோழிக்கூண்டுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு என்று தெரிந்தவர்கள் வந்து கேட்டாலும் அந்த ஷீட்டைக் கொடுக்க வேண்டாம்.