பேட்ச் தப்பில்லை, அது ஓடவே இல்லை

யூஎஸ்பி மைக்கின் கரகரப்பைச் சரிசெய்ய, லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளில் பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பேட்சில் கோளாறு இல்லை. நீங்கள் திருத்திய பல்ஸ்ஆடியோ உங்கள் கணினியில் ஓடவே இல்லை. ஆல்சா மாட்யூலில் (ஒலிக் கருவிகளோடு பேசும் பகுதியில்) சேர்த்த லாக் வரி ஒன்றுகூட வரவில்லை, யூஎஸ்பி மைக்கின் கரகரப்பும் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள், உபுண்டு 24.04 என்றும் எழுதியிருக்கிறீர்கள். 22.10 முதலே உபுண்டுவில் இயல்பாக ஓடுவது பைப்வயர் என்ற வேறொரு ஒலி மென்பொருள். பல்ஸ்ஆடியோ பேசும் மொழியை அதுவும் பேசுவதால் வித்தியாசமே தெரியாது.

டெர்மினலில் 'பாக்டில் இன்ஃபோ' (pactl info) கொடுங்கள். சர்வர் பெயர் வரியில் 'பல்ஸ்ஆடியோ', அடுத்து அடைப்புக்குறிக்குள் 'ஆன் பைப்வயர்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் உங்கள் பல்ஸ்ஆடியோவுக்கு வழிவிட பைப்வயர், அதோடு ஓடும் பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் மூன்றையும் நிறுத்துங்கள். சர்வீஸோடு சாக்கெட்டையும் (மற்ற நிரல்கள் அழைத்தால் சர்வீஸை எழுப்பும் இணைப்புப் புள்ளி) நிறுத்த வேண்டும்; சாக்கெட் இருந்தால் பிரவுசர் ஒரு சத்தம் கேட்டதுமே எல்லாம் மறுபடி எழுந்துவிடும். இதில்தான் எனக்கு ஒரு முழு இரவு போனது. பிறகு நீங்கள் திருத்திய பல்ஸ்ஆடியோ டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) பில்ட் கோப்புறையிலிருந்தே ஓட்டுங்கள், மாட்யூல் பாதையையும் அங்கேயே காட்டுங்கள். டீபக் லாக் வர அந்தக் கட்டளையோடு 'வி' தேர்வை நான்கு முறை (-vvvv) கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கரகரப்பு பைப்வயரில் மட்டும் வந்தால் இந்தத் திருத்தம் போக வேண்டிய இடமே வேறு. இரண்டிலும் கேட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எந்த மைக், எந்த லினக்ஸ் கர்னல் பதிப்பு என்று கமிட் குறிப்பில் (திருத்தத்தோடு போகும் விளக்கத்தில்) எழுதுங்கள். ரிவ்யூ செய்பவர் முதலில் கேட்பது அதுதான்.

நீங்கள் புதுச்சேரி, நான் கடலூர் மஞ்சக்குப்பம். ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு வந்தால் என் லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.