பூல் ஆட்டத்தில் வெள்ளைப் பந்தை ஆளும் முறை காலப்போக்கில் எப்படி மாறியது?

"அக்காலத்து ஆட்டக்காரர்கள் கைத்திறனால் வெள்ளைப் பந்தை ஆண்டார்கள், இக்காலத்துப் பிள்ளைகள் விலை உயர்ந்த கியூக் கோலை நம்பி ஆடுகிறார்கள் என்பது உண்மையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நகரத்துப் பூல் மையம் ஒன்றில் மூத்தவர் யாரோ இப்படிச் சொல்ல, அதைக் கேட்டு நீங்கள் மனம் குழம்பியிருக்கக்கூடும். மலேசியாவின் பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, "தோட்டத்துப் பையன்களுக்கு ஓங்கி அடிக்க மட்டும்தான் தெரியும்" என்ற பேச்சைப் பல ஆண்டுகள் கேட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒவ்வொரு தலைமுறையின் கையையும் அதற்குக் கிடைத்த மேசையும் துணியும் பந்துமே பழக்கின என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றப் பந்துகளைக் குழிக்குள் தள்ள நாம் அடிக்கும் வெள்ளைப் பந்தைச் சுழலவிடும் கலையே ஒரு கருவியிலிருந்து பிறந்ததுதான். கியூவின் நுனியில் தோல் பொருத்தும் வழக்கத்தைப் பரப்பிய பிரெஞ்சுக்காரர் மிங்கோ, அதனால் இயன்ற அடிகளை 1827இல் நூலாக வெளியிட்டார். 1835இல் கோரியோலிஸ் என்ற கணித அறிஞர் சுழலும் பந்தின் போக்கைக் கணக்கிட்டு எழுதினார். நுனித்தோலும் அதில் தேய்க்கும் சாக் கட்டியும் வருமுன் பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தால் கியூ வழுக்கிவிடும். அந்த நாளில் ஆடியவர்களைத் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்வதில்லையே.

எங்கள் ஊரில் கோப்பிக் கடைக்குப் பின்னால் காசு போட்டு ஆடும் மேசை ஒன்று இருந்தது. அத்தகைய மேசையில் குழியில் விழுந்த வெள்ளைப் பந்து மட்டும் தனியே திரும்பி வர வேண்டும் என்பதற்காக, அதைச் சற்றுப் பெரிதாகவோ காந்தத்துக்கு இசையும்படியோ செய்வார்கள். எங்களுடையது பெரிய பந்து. மற்றப் பந்துகள் 57 மில்லிமீட்டர் இருக்க வெள்ளை 60 மில்லிமீட்டர் இருந்தால், அதன் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். எடை சமமாக இருந்தால், சுழலாமல் சென்று நேராக மோதும் வெள்ளைப் பந்து அங்கேயே நின்றுவிடும். பெரிய பந்தோ மோதிய பிறகும் முன்னேறிக்கொண்டே இருக்கும், பின்சுழல் கொடுத்துப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாடு. போதாததற்கு, மழைக்கால ஈரத்தை உறிஞ்சிய, மேலே இழை துருத்திய மேசைத் துணி, நாம் கொடுத்த பின்சுழலைப் பாதி வழியிலேயே தின்றுவிடும்.

துரைமார்களின் கிளப்பில் ஆட்டப் புள்ளி கணக்கிடும் மார்க்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் மாலையில் அங்கு வந்து அமர்வார். மார்க்கர் தாத்தா என்றுதான் அழைப்போம். "தம்பி, பின்னால இழுக்காதடா, சுத்தி வரவிடு" என்பார். முன்சுழல் கொடுத்து, மேசை ஓரத் தடுப்புகளான குஷன்களில் பட்டுப் பந்து தானாகவே அடுத்த இடத்துக்கு வரும்படி ஆட அவரே கற்பித்தார். இழுத்தே தீர வேண்டிய இடத்தில் மட்டும், கியூவைத் தாழ்த்தி, நீண்ட வீச்சில், பந்தைக் கடந்தும் கியூவைச் செலுத்தச் சொன்னார். பின்னாளில் செரம்பானில் நடந்த ஒரு போட்டியில், அந்த வீச்சைப் பார்த்து ஏற்பாட்டாளர் ஒருவர் "எஸ்டேட் ஸ்ட்ரோக்" (தோட்டத்து அடி) என்று பலர் முன்னிலையில் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. எங்கள் மேசையில் பந்தை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக் காட்டியவருக்கே அப்படிச் சொல்லும் தகுதி உண்டு.

இன்று மையங்களில் விரிக்கப்படும் நெருக்கமாக நெய்த கம்பளித் துணியில் பந்து நெடுந்தூரம் ஓடும், சுழலும் எளிதில் சாகாது. எனவே குறுகிய, அமைதியான வீச்சே போதும். கியூவும் மாறிவிட்டது. பழைய மரக் கியூவால் பக்கச்சுழல் கொடுத்தால் வெள்ளைப் பந்து குறியிலிருந்து எதிர்ப்பக்கம் விலகும், அந்த விலகலைக் கணித்தே குறி பார்க்க வேண்டும். 1990களில் முன்முனை எடை குறைந்த கியூத் தண்டுகள் பரவின, அண்மை ஆண்டுகளில் கரிம இழைத் தண்டுகளும் வந்தன. அந்த விலகல் குறைந்தது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. இளைஞர்கள் பக்கச்சுழலைத் துணிந்து பயன்படுத்துவது இதனால்தான். எந்த இடத்தில் பந்தை நிறுத்துவது என்ற தீர்மானத்தைக் கியூ செய்து தருவதில்லை.

விதியும் கையை மாற்றியது. ஒன்பது பந்துகளை வைத்து ஆடும் நைன்-பாலில் ஒரே தவறுக்கு வெள்ளைப் பந்தை எதிராளி கையிலெடுத்து விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்ற விதி வேரூன்றிய பின், வேறு பந்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பந்தைக் குஷன் வழியாகத் தொடும் திறமை உயிர்நாடியாயிற்று. 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம் வென்ற பிலிப்பீன்ஸ் வீரர் எஃப்ரன் ரெய்ஸ் அதில் ஈடற்றவர். பந்து மூன்று முறை குஷனில் பட ஆடும் மூன்று குஷன் பில்லியர்ட்ஸிலும் அவருக்கு இருந்த பழக்கம் அதற்குத் துணைநின்றது.

பழையவர்களைத் தூக்கிப்பிடிக்கிறேன் என்றோ, ஆடத் தெரியாதவன் மேசையைக் குறை சொல்கிறான் என்றோ சிலர் எழுதக்கூடும். அவர்கள் இரண்டு வகை மேசையிலும் ஆடிப் பார்த்துவிட்டு எழுதட்டும். நீங்களும் புதிய இடத்தில் ஆடுமுன், வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் அருகில் வைத்து உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை உயரமாக இருந்தால் அன்று இழுப்பைக் குறைத்து, முன்சுழலையும் குஷனையும் நம்பி ஆடுங்கள். தேய்ந்து சிறுத்திருந்தால் பந்து எளிதில் பின்வாங்கும், கையை அடக்கிக்கொள்ளுங்கள்.