ரிக்கற்றில் ஒரு ஃபீல்டைப் பூட்டுவது: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் நாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. ரெட்மைன், ஜிரா போன்ற, வேலைகளைப் பதிந்து தொடரும் மென்பொருள்களில், ரிக்கற் எனும் வேலைப் பதிவில் நாங்களாகச் சேர்த்த கஸ்டம் ஃபீல்டை (தகவல் நிரப்பும் கட்டத்தை) எல்லோரும் பார்க்கலாம், ஆனால் கண்டவரும் கை வைக்கக் கூடாது.

கேள்வி: ரெட்மைனில் ‘ஒப்புக்கொண்ட தொகை’ என்றொரு ஃபீல்ட் வைத்திருக்கிறோம். டெவலப்பர்களுக்கு அதை ரீட்-ஒன்லி (பார்க்க மட்டும்) ஆக்கினோம். ஒரு பிள்ளைக்கு மட்டும் இன்னும் திறந்து கிடக்கிறது. ஏன்? (கொக்குவில்)

பதில்: அந்தப் பிள்ளைக்கு அந்த புரொஜெக்ற்றில் இன்னொரு ரோலும் (பொறுப்பும்) இருக்கும், பாருங்கள். வேர்க்ஃப்ளோவின் ‘ஃபீல்ட்ஸ் பெர்மிஷன்ஸ்’ தாவலில் ரோலையும் ட்ராக்கரையும் (ரிக்கற்றின் வகையையும்) தெரிவு செய்து, ரிக்கற்றின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் பூட்டுகிறீர்கள் அல்லவா? 2012இல், 2.1 பதிப்போடு வந்த வசதி அது. ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்தால், இரண்டிலும் ரீட்-ஒன்லி போட்டிருந்தால்தான் பூட்டு விழும். டெவலப்பரில் பூட்டிவிட்டு டெஸ்ரரில் வெறுமையாக விட்டால் அது திறந்த ஃபீல்ட்தான்.

இன்னொன்று, அட்மின் கணக்கில் நின்று சோதிக்காதீர்கள். அட்மினுக்கு எல்லா ரோலும் உண்டு என்றே ரெட்மைன் கணக்கெடுக்கும். அதனால் மனேஜருக்குத் திறந்தது அவருக்கும் திறந்தே இருக்கும். ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அறிவியுங்கள். சரியாகப் பூட்டினால் ஏபிஐ வழியாக, அதாவது வேறு மென்பொருளில் இருந்து, அந்த ஃபீல்டுக்கு வரும் மதிப்பையும் ரெட்மைன் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

கேள்வி: ஜிராவில் இந்த ரீட்-ஒன்லி எங்கே இருக்கிறது? இரண்டு நாளாகத் தேடுகிறேன். (சுன்னாகம்)

பதில்: தேடுவதை விடுங்கள், ஃபீல்ட் கொன்ஃபிகரேஷனில் அது இல்லை. மறைக்கலாம், கட்டாயமாக்கலாம், ஆனால் பூட்ட முடியாது. கம்பனி-மனேஜ்ட் புரொஜெக்ற் (அமைப்புகளை ஜிரா அட்மின் பார்த்துக்கொள்ளும் வகை) என்றால் ஸ்கிரீனைப் பிரியுங்கள். வழக்கமாக உருவாக்க, திருத்த, பார்க்க மூன்றுக்கும் ஒரே ஸ்கிரீன்தான் இருக்கும். அதைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திருத்தும் ஸ்கிரீனாக வைத்து, அதில் இருந்து மட்டும் அந்த ஃபீல்டை எடுத்துவிடுங்கள். பார்க்கும் ஸ்கிரீனில் அது நிற்கும், கை வைக்க முடியாது. மதிப்பை மாற்ற வேண்டிய கட்டத்துக்கு ஒரு ட்ரான்ஸிஷன் (ஒரு நிலையில் இருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் படி) ஸ்கிரீன் போட்டு, அந்த ட்ரான்ஸிஷனை உரியவருக்கு மட்டும் விடுங்கள். முடிந்த ரிக்கற் முழுவதையும் பூட்டுவதென்றால், அந்த நிலையின் ப்ரொப்பர்ட்டியில் ‘ஜிரா.இஷ்யூ.எடிட்டபிள்’ என்பதற்கு ‘ஃபோல்ஸ்’ கொடுத்தால் போதும்.

கேள்வி: எங்கள் பெடியன் ஜாவாஸ்கிரிப்ட் நாலு வரி எழுதி ஃபீல்டைச் சாம்பல் நிறமாக்கிவிட்டான். வேலை செய்கிறது. அது போதாதா? (சாவகச்சேரி)

பதில்: படலையைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டு விட்ட கதை. எஃப்12 தட்டி உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் அந்தச் சாம்பல் நிறத்தை ஒரு நிமிடத்தில் கழற்றிவிடுவார். அது பரவாயில்லை, களவெடுக்க வருகிறவர்கள் குறைவு. நல்ல மனிதர்களுக்கு வரும் கரைச்சல்தான் பெரிது. எச்டிஎம்எல்லில் ‘டிஸேபிள்ட்’ (முடக்கியது) போட்ட ஃபீல்ட், படிவத்தை அனுப்பும்போது சேவருக்கே (தரவு சேரும் கணினிக்கே) போகாது. நான் முன்பு எழுதிய ஒரு சின்னப் படிவத்தில், வராத மதிப்பை வெறுமை என்று எடுத்து, ஒப்படைக்கும் திகதிகளை அழித்துக்கொண்டே போயிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கண்டுபிடித்தேன். அப்ப ‘ரீட்ஒன்லி’ போடலாமே என்பீர்கள். அப்போது மதிப்பு சேவருக்குப் போகும்தான், ஆனால் தெரிவுப் பட்டியலுக்கும் செக்பொக்ஸுக்கும் அது எடுபடாது. பூட்டு சேவரில் இருக்கட்டும், சாம்பல் நிறம் அழகுக்கு இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர்தான். எங்களுக்கும் இது தேவையா? (திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். யார், எப்போது, எதை எதாக மாற்றினார் என்பது ரிக்கற்றின் ஹிஸ்டரியிலேயே விழுந்திருக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் எழும்பிப்போய்க் கேளுங்கள்.