கேள்வி நேரம்: கோழித் தீனியில் எண்ணெய் ஊற்றலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோழித் தீனி பற்றியவை. அதனால் மற்ற கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு 200 பிராய்லர் வளர்க்கிறேன். குஞ்சு வந்த முதல் நாளிலிருந்தே கடைத் தீனியில் செம்பனை எண்ணெய் கலந்து கொடுக்கிறேன். எச்சம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, எடையும் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார் மச்சான்.
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

ப: முதலில் மச்சான் கையிலிருந்து எண்ணெய்ப் போத்தலை வாங்கி வையுங்கள். முதல் இரண்டு வாரம் குஞ்சின் குடலில் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் நொதியும் போதிய அளவு சுரக்காது. செம்பனை எண்ணெயிலோ பால்மிட்டிக் அமிலம் என்கிற நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 44 விழுக்காடு இருக்கிறது, வளர்ந்த கோழிக்கே அது சோயா எண்ணெய் அளவுக்குச் செரிப்பதில்லை, குஞ்சுக்குக் கேட்கவே வேண்டாம். செரிக்காமல் நிற்கும் அந்தக் கொழுப்பு குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகவே மாறி வெளியே போய்விடுகிறது. எண்ணெய்க் காசும் போச்சு, எலும்புக்குப் போக வேண்டிய கால்சியமும் போச்சு.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆலைத் தீனியில் எரிசக்திக்கு இவ்வளவு, புரதத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கலந்திருக்கிறார்கள். கோழி ஓரளவுக்கு எரிசக்தியைப் பார்த்துத்தான் தின்னும். நீங்கள் மேலே எண்ணெய் ஊற்றினால் சீக்கிரமே போதும் என்று நிறுத்திவிடும், அப்போது சதை வளர்க்கும் புரதக் கூறுகளான லைசினும் மெத்தியோனினும் வயிற்றுக்குள் போவது குறையும், நெஞ்சுச் சதை வராது, வயிற்றில் மஞ்சள் கொழுப்புதான் கட்டி கட்டியாகச் சேரும்.

அப்படியானால் ஆலைக்காரர்கள் ஏன் எண்ணெய் சேர்க்கிறார்கள்? ஒரு கிராம் கொழுப்பில் ஏறக்குறைய 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4தான். அதோடு மாவுச்சத்தும் புரதமும் செரிக்கும்போது உடம்பில் கிளம்பும் சூடு கொழுப்பில் குறைவு, நம்ம ஊர் வெக்கையில் அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் எண்ணெய் ஏறும்போதே புரதத்தையும் ஏற்றிக்கொள்கிறார்கள். குஞ்சுத் தீனிக்கு சோயா எண்ணெயோ, அதோடு செம்பனை எண்ணெய் கலந்ததோ போட்டு, கோழி வளர வளர விலை குறைந்த செம்பனை எண்ணெயைக் கூட்டுவது நல்ல வழக்கம். கொழுப்பு தண்ணீரோடு கலந்து செரிக்க லெசித்தின் சேர்ப்பதும் உண்டு. நீங்கள் இதையெல்லாம் கொட்டகையில் செய்ய வேண்டாம். கடைத் தீனியை அப்படியே போடுங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையிலேயே தின்ன விடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் மட்டும் அது எண்ணெய் விவகாரம் இல்லை, இரத்தக் கழிச்சலாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: எங்கள் சாப்பாட்டுக்கடையில் பொரித்த எண்ணெய் நிறைய மிஞ்சுகிறது. கோழி வளர்க்கும் சித்தப்பா தீனிக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, ஜோர்ஜ்டவுன்)

ப: கொடுக்காதீர்கள் அம்மா. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போயிருக்கும், அது தீனியில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். அந்தச் சத்து குறைந்த குஞ்சு தலையைத் திருகிக்கொண்டு, நிற்க முடியாமல் விழும். (ஆலைகள் BHT போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்ப்பது எண்ணெய் கெடாமல் இருக்கத்தான், கெட்டதை நல்லதாக்க அதனால் முடியாது.) எங்கிருந்து வந்தது, அதில் என்ன கலந்தது என்று தெரியாத கொழுப்பு எவ்வளவு ஆபத்து என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1999-இல் அங்கே மறுசுழற்சிக் கொழுப்பில் பிசிபி என்கிற நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெய் சேர்ந்து, அது தீனிக்குப் போய், கோழியிலும் முட்டையிலும் டையாக்சின் என்கிற நஞ்சு ஏறி, இரண்டு அமைச்சர்கள் பதவி விலக வேண்டியதாயிற்று. உங்கள் எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் விற்றுவிடுங்கள், சித்தப்பாவுக்கு அந்தக் காசில் ஒரு மூட்டை தீனி வாங்கிக் கொடுங்கள்.

கே: பசாரில் விற்கும் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே, அதனால்தான் ஐந்தே வாரத்தில் இரண்டு கிலோ வருகிறதாம்?
(வாசகர், பிறை)

ப: இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீனியில் கலந்தால் இறைச்சி செரிப்பது போலச் செரித்துவிடும். ஊசி என்றால் கொட்டகையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்த வேண்டும், கிடைக்கும் லாபம் ஆள் கூலிக்கே காணாது. அந்த எடை பல பத்தாண்டுகளாக இனம் தேர்ந்தெடுத்து வளர்த்ததாலும் நல்ல தீனியாலும் வருவது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஹார்மோன் பற்றி அல்ல, ஆன்டிபயாட்டிக் பற்றி. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே முழுக்க நிறுத்திவிட்டது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. நோய்க்கு மருந்து கொடுத்தால், அறுப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று மருந்திலேயே எழுதியிருக்கும். அதை மதிக்காதவர்கள்தான் பிரச்சினை.

கே: தோல் மஞ்சளாக இருக்கும் கோழியில் சத்து அதிகமா?
(வாசகி, பாயான் லெப்பாஸ்)

ப: தீனியில் மக்காச்சோளமோ செண்டுமல்லிச் சாறோ அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான். கறிக்குழம்பு அழகாக இருக்கும்.

கே: மீந்த பிராய்லர் தீனியை வான்கோழிக்குப் போடலாமா?
(வாசகர், நிபோங் திபால்)

ப: பையை முதலில் படியுங்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்க சாலினோமைசின் சேர்த்திருந்தால் வான்கோழிக்கு அது விஷம். குதிரைக்கும் அப்படியே, பக்கத்து வீட்டில் யாராவது வைத்திருந்தால் சொல்லிவையுங்கள்.