பழைய கணக்குப்பிள்ளை இன்னும் கணக்கப் பாக்காரா? சிங்கிள் சைன்-ஆன் அவரைத் தடுக்காது

கேள்வி: திருநெல்வேலி டவுன்ல மளிகை மொத்த வியாபாரம், தென்காசியிலயும் சங்கரன்கோவில்லயும் கிளை, எல்லாம் சேத்து 14 பேர். மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸ், கணக்கு ஜோஹோ புக்ஸ், ஆர்டர் எடுக்க தனியா ஒரு கிளவுட் சாஃப்ட்வேர். வேலைய விட்டு நின்ன கணக்குப்பிள்ளை இன்னும் தன்னோட போன்ல எங்க கணக்கப் பாக்காருன்னு இப்பதான் தெரிஞ்சுது. சிங்கிள் சைன்-ஆன் போட்டா எல்லாத்துக்கும் ஒரே சாவி, 85,000 ரூபா ஆகும்னு ஒரு டீலர் சொல்லுதாரு. போடலாமா?

பதில்: அண்ணாச்சி, அட்வான்ஸ் இன்னும் குடுக்கலன்னா குடுக்காதீங்க. முதல்ல ஜோஹோ புக்ஸைத் திறந்து செட்டிங்ஸ்ல யூசர்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க போயி லிஸ்ட்டைப் பாருங்க. பழைய கணக்குப்பிள்ளை பேருக்கு நேரா கம்பெனி மெயில் இருக்காது, அவரோட சொந்த ஜிமெயில்தான் இருக்கும், நான் பாத்த கடைகள்ல முக்காவாசி இப்படித்தான், சேர்ந்த அன்னைக்கு அவசரத்துல "உங்க ஜிமெயிலச் சொல்லுங்க"ன்னு கேட்டு ஏத்தி விட்டிருப்பாங்க, பொறவு யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க.

விஷயமே அதுலதான் இருக்கு. சிங்கிள் சைன்-ஆன்னா என்ன? ஜோஹோவோ ஆர்டர் சாஃப்ட்வேரோ தானா பாஸ்வேர்டு கேக்காம, "இவரு உங்க ஆளுதானா"ன்னு கூகுள்கிட்ட கேக்கும், கூகுள் ஆமான்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினா உள்ள விடும். ஆனா கூகுள் ஜவாப்தாரி எடுத்துக்கிடுதது உங்க கம்பெனி டொமைன்ல, அதாவது மெயில்ல @-க்குப் பின்னால உங்க கம்பெனி பேரு வர்ற முகவரியில, இருக்கிற மெயிலுக்கு மட்டும். சொந்த ஜிமெயில்ல வர்றவரு அந்த வழியிலயே வரலையே. முன்வாசலுக்கு 85,000 ரூபாய்க்குப் பூட்டுப் போட்டு என்ன, அவரு நடமாடுறது புழக்கடை வழியா.

அதனால அந்த லிஸ்ட்லயே அவரை இன்ஆக்டிவ் பண்ணுங்க, ரெண்டு நிமிச வேலை, காசு கிடையாது. ஒருவேளை கணக்கைத் திறந்ததே அவரு ஜிமெயில்ல, அட்மினே அவருதான்னா கொஞ்சம் நயமாப் பேசி முதல்ல உங்க பேருக்கு மாத்தி வாங்கிருங்க, சண்டைய அப்புறம் வச்சுக்கிடலாம்.

சரி, சிங்கிள் சைன்-ஆன் வேண்டாமான்னா, வேணும், ஆனா இந்த லிஸ்ட்டைச் சுத்தம் பண்ணிட்டு. போட்ட பிறகும் ஒன்னு ஞாபகம் வைங்க: கூகுள்ல ஒரு ஆளை சஸ்பெண்ட் பண்ணினா புதுசா உள்ள வர முடியாது, ஆனா அவரு போன்ல ஏற்கெனவே திறந்து கிடக்கிற ஆர்டர் ஆப் அதோட செஷன், அதாவது ஒரு தடவை லாகின் பண்ணினா செல்லுற நேரம், முடியுற வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், பழைய பாஸ்வேர்டு வழியும் அடைபடாது, அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே போயி சிங்கிள் சைன்-ஆன் மட்டும்தான்னு கட்டாயமாக்கணும். டீலர்மாரு இதைச் சொல்லுததே இல்ல.

டீலர்னதும்தான் எனக்கு வயிறு எரியுது. நீங்க இன்னைக்கே கூகுள் அட்மின் பக்கத்துல சூப்பர் அட்மின், அதாவது எல்லா அதிகாரமும் கையில உள்ளவரு, யாருன்னு பாருங்க. டொமைன் யாரு பேருல வாங்கியிருக்கு, அந்த லாகின் யாருகிட்ட இருக்குன்னும் பாருங்க. ரெண்டும் டீலர் கையில இருந்தா கடைய வாடகைக்கு விட்டுட்டு நீங்க திண்ணையில உக்காந்திருக்கீங்கன்னு அர்த்தம். நாளைக்கு ரேட்டு ஏத்தினாலும் வாயத் திறக்க முடியாது. சிங்கிள் சைன்-ஆன்ல கூகுள் போடுற கையெழுத்து நிஜம்தான்னு காட்டுற சான்றிதழுக்கு 5 வருசம்தான் ஆயுசு, அது முடியுற அன்னைக்குக் காலையில ஒருத்தரும் உள்ள போக முடியாம அவருக்குத்தான் போன் அடிப்பீங்க, "சர்வர் பிரச்சனை, வந்து பாக்க இவ்வளவு"ன்னுவாரு. அந்தத் தேதிய இப்பவே காலண்டர்ல குறிச்சு வைங்க.

இன்னொரு அநியாயம், கூகுள் பக்கம் இந்த வசதிக்குத் தனியா காசு இல்ல, ஆனா எதிர்ப்பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிக பல பேரு இதை விலை கூடுன பிளான்லதான் வைக்காங்க. வீட்டை வித்துட்டு தாழ்ப்பாளுக்குத் தனி விலை கேக்கிற மாதிரி. உங்க ஆர்டர் சாஃப்ட்வேர் அப்படிக் கேட்டா 14 பேருக்காக அதுல போயி விழாதீங்க, கூகுள்ல எல்லாருக்கும் டூ-ஸ்டெப் (பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பு) கட்டாயமாக்கிட்டு, கூகுள் மூலமா நுழையிற பட்டன் இருந்தா அதையே பழக்கிருங்க, போதும்.

டீலர் அடுத்து "ஆபீஸ் ஐபியில இருந்து மட்டும் திறக்கிற மாதிரி பாலிசி போட்டுருவோம்"பாரு. ஐபின்னா உங்க இன்டர்நெட் கனெக்‌ஷனோட முகவரி நம்பர். கேக்க நல்லாத்தான் இருக்கும். நானே ஒரு தடவை பேட்டை பக்கம் ஒரு கடைக்கு அப்படிப் போட்டுக் குடுத்தேன். சாயங்காலம் கரண்ட் போயி வந்துச்சு, மோடம் புதுசா வேற ஐபி வாங்கிட்டு, அவ்வளவுதான், பில் போட முடியல, அட்மினும் அதே பாலிசிக்குள்ள அடங்கிட்டதால என்னாலயும் திறக்க முடியல. வாசல்ல லோடு ஏத்தின லாரி நிக்கி, டிரைவர் மூணாவது டீயைக் குடிச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. சாதா பிராட்பேண்டுல ஐபி நிலையா இருக்காது, மாறாத ஸ்டாட்டிக் ஐபி வாங்காம இந்தப் பாலிசி கோட்டிக்காரத்தனம்.

அதுலேருந்து நான் விடாம சொல்லுதது, எந்தப் பாலிசி போட்டாலும் ஒரு அவசர அக்கவுண்டை அதுக்கு வெளிய வைங்க. மைக்ரோசாஃப்ட்காரங்களே இப்படிக் குறைஞ்சது ரெண்டு வேணும்னு சொல்லுதாங்க. அது யாரோட தினசரி அக்கவுண்டாவும் இருக்கப்படாது, மருமகன் போன் நம்பரோட கட்டவும் படாது, அவரு துபாய்ல இருக்கப்போ ஓடிபி அங்க போயிரும். நீளமான பாஸ்வேர்டு, டூ-ஸ்டெப்புக்கு ஒரு செக்யூரிட்டி கீ (பென் டிரைவ் மாதிரி சொருகுற சாவி), அது இல்லாட்டாலும் உள்ள விடுறதுக்கு கூகுள் குடுக்கிற 10 பேக்கப் கோடு, எல்லாத்தையும் கவர்ல போட்டு ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டு, பத்திரம் வைக்கிற பீரோவுல வைங்க. கீபோர்டுக்கு அடியில ஒட்டுறது, வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பிக்கிடுதது, அதெல்லாம் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்க அதுல நுழைஞ்சு பாருங்க, இதையும் செய்ய மாட்டாங்க, தேவைப்படுற அன்னைக்குத்தான் பாஸ்வேர்டுல அது ஓவா சைபரான்னு நிப்பாங்க.

கடைசியா, ஜிஎஸ்டி போர்ட்டல். அது எந்த சிங்கிள் சைன்-ஆன்லயும் சேராது, அதுக்குத் தனி பாஸ்வேர்டு, தனி ஓடிபி. அதுல குடுத்திருக்கிற போன் நம்பர் பழைய கணக்குப்பிள்ளையோடதான்னு பாத்துக்கிடுங்க, இருந்தா அந்தப் போர்ட்டல்ல நான்-கோர் திருத்தம்னு (போன் நம்பர் மாதிரி சின்ன விவரங்களை மாத்துற இடம்) இருக்கிறதுல போயி உங்க நம்பருக்கு மாத்துங்க. ரிட்டர்ன் போடுற 20ஆம் தேதி நெருங்கிட்டா அந்தப் போர்ட்டல் சுத்துற சுத்துக்கு எதையும் மாத்த முடியாது, மாசத் தொடக்கத்துலயே முடிச்சிருங்க.