மூன்று நாள் செட்டிநாட்டுப் பயணம்: எத்தனை ஊர் தாங்கும்?

கேள்வி: கிராமத்துப் பக்கம் நிம்மதியாக மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை. நான், மனைவி, 7 வயது மகள், 70-ஐ நெருங்கும் அப்பா, மூட்டுவலி உள்ள அம்மா என ஐந்து பேர். ஒரு டிராவல்ஸில் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வியாழன் இரவு 10 மணிக்குச் சென்னையில் கிளம்பி, வெள்ளி தஞ்சாவூர், இரவு காரைக்குடி. சனி பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, இரவு ராமேஸ்வரம். ஞாயிறு ராமேஸ்வரம், மதுரை பார்த்துவிட்டு இரவே சென்னை. இது சரிப்படுமா? முன்பணம் கட்டலாமா?
- பெரம்பூர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

சென்னை - தஞ்சை சுமார் 345 கி.மீ. அங்கிருந்து காரைக்குடி 100, ராமேஸ்வரம் 140, மதுரை 175, திரும்பச் சென்னை 460. ஆக மொத்தம் 1,200 கி.மீ.க்கு மேல். சிறு பிள்ளையும் வயதானவர்களும் இருக்கும் வண்டி, டீ, கழிப்பறை, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 50-55 கி.மீ. போனாலே பெரிது. அப்படியானால் கிட்டத்தட்ட 23 மணி நேரம் காருக்குள்தான். செல்போன் மேப் காட்டும் நேரம் நிற்காமல் ஓடும் வண்டிக்கு. உங்கள் அம்மாவின் முழங்கால் அதற்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தனியாகப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, டிபன் சாப்பிட்டு வண்டியில் ஏறவே காலை 9 மணி தாண்டிவிடும். மதுரை போய்ச் சேரும்போது மீனாட்சி அம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தரிசனம் செய்துவிட்டு 6 மணிக்குக் கிளம்பினால் வீடு சேர நள்ளிரவு 2 மணி ஆகும். திங்கள் அலுவலகம்! நானும் ஒருமுறை இப்படிப் பேராசைப்பட்டு, மூன்று ஊரில் சாத்திய கதவுகளை மட்டும் தரிசித்துவிட்டு வந்தவன்தான்.

ராமேஸ்வரம், மதுரை, தஞ்சை மூன்றையும் வெட்டுங்கள். பெரிய கோயிலை விடுவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் தஞ்சாவூருக்கு ரயிலிலேயே போய்வரலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. கார் தேவைப்படுவது செட்டிநாட்டுக் கிராமங்களுக்குத்தான். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பாதி நாள் போய்விடும்.

நான் போடும் திட்டம் இது. வியாழன் இரவு நன்றாகத் தூங்குங்கள். வெள்ளி விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் நெரிசலுக்கு முன்பே செங்கல்பட்டைத் தாண்டலாம். விழுப்புரம் பக்கம் டிபன், திருச்சியில் 12 மணி வாக்கில் சாப்பாடு. அங்கே இரண்டு மணி நேரம் உட்காருங்கள். உச்சி வெயிலில் புதுக்கோட்டைச் சீமைக்குள் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2.30-க்குக் கிளம்பினால் 4 மணிக்குத் திருமயம். மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். அம்மா, அப்பா கீழே தரிசனம் செய்யட்டும், நீங்கள் மகளோடு கோட்டை ஏறுங்கள். இருட்டுவதற்குள் தங்கும் இடம். அன்றைக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்கக் கிராமம். காலையில் ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் வண்ணக் கற்கள் (டைல்ஸ்) செய்யும் ஊர். கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் போட்டு அமுக்கி ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்வார்கள். மகள் அங்கிருந்து எளிதில் நகர மாட்டாள். பட்டறையில் வேலை நடக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கானாடுகாத்தான். வீதியில் நடந்தாலே போதும், ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பழைய வீட்டை விடுதியாக்கிய இடத்தில் மதியம் சாப்பிட வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நேரில் போய் நின்றால் அநேகமாகக் கிடைக்காது. பிற்பகல் தூக்கம். மாலையில் பிள்ளையார்பட்டி.

நேரம் மிஞ்சினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். 'நூறு வருஷப் பித்தளை' என்று சொல்வதையெல்லாம் நம்பி விலை கொடுக்காதீர்கள். பிடித்திருந்தால், புதுப் பாத்திரம் என்றே நினைத்து அதற்குத் தகுந்த விலைக்கு வாங்குங்கள். கண்டாங்கிச் சேலை வாங்கினால் கைத்தறிதானா என்று கேட்டு, ரசீதிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் விசைத்தறிச் சேலைகளும் வருகின்றன.

ஞாயிறு காலை 7 மணிக்கே கிளம்புங்கள். மதியம் விழுப்புரத்தில் சாப்பிட்டு, 3 மணி வாக்கில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட வேண்டும். விடுமுறை முடியும் மாலையில் பரனூரிலும் பெருங்களத்தூரிலும் நிற்கிற நேரத்தில் இன்னொரு ஊரே பார்த்துவிடலாம்.

இனி வாடகை. இந்தத் திட்டத்துக்கு உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்து 930 கி.மீ. வரும். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று பல டிராவல்ஸில் கணக்கு வைப்பார்கள். சிலர் 300 என்பார்கள். மூன்று நாளுக்கு 750; நீங்கள் அதைத் தாண்டிவிடுவதால் ஓடிய தூரத்துக்கு மட்டும்தான் பணம். ஆனால் வியாழன் இரவு 10 மணிக்கு ஏறினால்? நள்ளிரவுக்கு நள்ளிரவு நாள் கணக்கிடும் இடத்தில் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள். நான்கு நாளுக்குக் குறைந்தபட்சம் 1,000 கி.மீ. ஆகிவிடும். ஓடாத 70 கி.மீ.க்குக் காசு, கூடுதலாக ஒரு நாள் டிரைவர் பேட்டா. விடிய விடிய ஓட்டியவரைப் பகலிலும் ஓட்டச் சொல்வது ஆபத்து என்பது தனிக் கதை.

முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: நாள் எப்படி எண்ணப்படும், கிலோமீட்டர் உங்கள் வீட்டிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா, டோலும் பார்க்கிங்கும் யார் தலையில், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். வாயால் சொன்னது பில் போடும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். சொன்னதற்கு மாறாகப் பணம் பிடுங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

கேள்வி: நண்பருக்குத் தெரிந்தவர் தன் சொந்தக் காரை நாள் வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். டிராவல்ஸைவிட மலிவு. எடுக்கலாமா?
- தாம்பரம் வாசகி

பதில்: நம்பர் பிளேட் வெள்ளையா? வேண்டாம். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். மிச்சம் பிடித்த ஆயிரம், இரண்டாயிரம் அப்போது எந்த மூலைக்கு?

முறையான காரை எடுத்தாலும் சாவி வாங்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள்: கீறல்கள், டயர், ஸ்டெப்னி, பெட்ரோல் முள். டெபாசிட் தகராறுகளில் பெரும்பாலானவை பழைய கீறல் யாருடையது என்பதில்தான் வருகின்றன.

கேள்வி: சொந்தக் காரில் போகிறோம். சுமார் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் லாபமா?
- அம்பத்தூர் வாசகர்

பதில்: 200 முறை சுங்கச்சாவடி கடக்கலாம், அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு தடவை கடப்பதற்குச் சுமார் 15 ரூபாய்தான். சென்னை - திருச்சிக்குள் மட்டும் ஆறு சாவடிகள், போய்வர பன்னிரண்டு. இந்த ஒரே பயணத்துக்காக வாங்கினால் காசு தேறாது. வருஷத்துக்கு நாலைந்து தடவை தெற்கே சொந்த ஊர் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில்தான் செல்லும். மாநில அரசின் டோல் சாலைகளில் வழக்கம்போல் பணம் பிடிப்பார்கள், அதனால் ஃபாஸ்டேக்கில் கொஞ்சம் இருப்பு வைத்திருங்கள். டாக்சிகளுக்கு இந்த பாஸ் கிடையாது.