பழைய டயல்அப் மோடமும் லினக்ஸ் கணினியும்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கணினியை மற்றொன்றோடு பேச வைக்கும் மோடங்களைப் பற்றி மட்டுமே எழுத எனக்குத் தகுதி உண்டு.

தருமபுரி, கல்லூரி மாணவர்: பழைய கணினியிலிருந்து கழற்றிய உள் மோடம் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் 98இல் நன்றாக வேலை செய்தது. லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அட்டை பழுதாகிவிட்டதா?

அட்டை பழுதாகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. முழுமையான மோடத்தில் இரண்டு மூளைகள் இருக்கும். ஒன்று, கணினியிலிருந்து வரும், ஏடி (AT) என்று தொடங்கும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கட்டுப்பாட்டுச் சிப்பு. மற்றொன்று, தரவைக் கம்பியில் போகும் ஒலியாகவும் ஒலியை மீண்டும் தரவாகவும் மாற்றும் சிக்னல் சிப்பு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விலையைக் குறைப்பதற்காக இவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ நீக்கிவிட்டு, அந்த வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டினார்கள். அதைச் செய்யும் மென்பொருளை விண்டோசுக்கு மட்டும் எழுதியதால் இவற்றுக்கு வின்மோடம் என்ற பெயர் வந்தது.

லினக்ஸ் டெர்மினலில், கணினியில் உள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் அட்டை சீரியல் கண்ட்ரோலர் என்ற பெயரில் வந்தால் அது பெரும்பாலும் முழுமையான மோடம். லினக்ஸ் அதை ஒரு சாதாரண சீரியல் போர்ட்டாகவே நடத்தும். கம்யூனிகேஷன் கண்ட்ரோலர் என்று வந்தால் பெரும்பாலும் வின்மோடம். லூசென்ட் சிப்புக்கும், கோனெக்சன்ட் சிப்புக்கும், ஸ்மார்ட்லிங்க் சிப்புக்கும் ஒரு காலத்தில் லினக்ஸ் டிரைவர்கள் இருந்தன. அவற்றின் முக்கியமான பகுதி மூல நிரல் இல்லாத மூடிய கோப்பாகவே கொடுக்கப்பட்டது. ஸ்மார்ட்லிங்க் கோப்பு 32 பிட் கணினிக்கானது. கோனெக்சன்டுக்கான இலவச டிரைவர் நொடிக்கு 14,400 பிட் வேகத்தோடு நின்றுவிடும். லினக்சின் மையப் பகுதியான கெர்னலின் இன்றைய பதிப்பில் இவற்றை ஏற்றுவதற்குச் செலவிடும் உழைப்பு வீண் என்பதே என் முடிவு. அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சீரியல் கேபிளில் இணையும் வெளி மோடம் ஒன்றைத் தேடுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சிப்பின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள்.

பாலக்கோடு, பள்ளி ஆசிரியர்: என்னிடம் இருப்பது வெளி மோடம், புதிய கணினியில் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கினேன். செருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற சாதனம் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது.

உங்கள் லினக்ஸ், உபுண்டு 22.04 என்று நினைக்கிறேன். பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 சிப்பு உள்ள மாற்றியைப் பிரெய்ல் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்த நிரல் தேவையில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள். சாதனம் நிலையாக நிற்கும். அடுத்தபடியாக மோடம்மேனேஜர் என்ற சேவையை நிறுத்துங்கள். அது புதிதாகத் தோன்றும் போர்ட்டுகளைத் திறந்து கைப்பேசி மோடமா என்று சோதிப்பதால், நீங்கள் அனுப்பும் கட்டளைகள் குழம்பிப்போகும். உங்கள் பயனர் பெயரை, போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

இதன் பிறகுதான் மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரல். வேகம் 115200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் ஆம் என்று அமைத்து, ஏடி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஓகே என்று பதில் வரவேண்டும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த மொழி இது. பிற்கால மோடங்களும் இதையே பேசுகின்றன. தட்டுவது திரையில் தெரியாவிட்டால் ஏடிஇ1 கொடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிளைப் பாருங்கள்: மோடத்துக்கு நேர் கேபிள் வேண்டும், இரண்டு கணினிகளை இணைக்கும் குறுக்குக் கேபிள் உதவாது. ஓகே வரும் வரையில் டயல் செய்யும் எந்த மென்பொருளையும் திறக்காதீர்கள். அடித்தளம் சரியில்லாதபோது, மோடம் இணைப்பின் மேல் இணையத் தரவை அனுப்பும் பிபிபி அமைப்பைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் பலரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பென்னாகரம்: எந்த எண்ணுக்கு டயல் செய்தால் இணையம் கிடைக்கும்?

மோடத்தைச் சரிசெய்வதால் மட்டும் இணையம் வந்துவிடாது. மறுமுனையில் அழைப்பை ஏற்க ஒரு மோடமும் அதன் பின்னால் ஒரு சேவையும் இருக்க வேண்டும். உங்கள் தேவை இணையம் மட்டுமே என்றால் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள்.

அரூர்: மோடத்தின் அடாப்டர் தொலைந்துவிட்டது. ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரின் முனை சரியாகப் பொருந்துகிறது. போடலாமா?

போடக்கூடாது. மோடத்தின் அடிப்பகுதியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். அக்கால வெளி மோடங்கள் பலவற்றுக்கு அடாப்டரிலிருந்தே ஏசி மின்சாரம் வரவேண்டும். 9 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருந்தால் அதே அளவுள்ள ஏசி அடாப்டரைத்தான் வாங்க வேண்டும்.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலைக் கணக்காளர்: எடைமேடை அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே இன்டர்காம் கம்பி மட்டும் இருக்கிறது. சீசனில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது எடைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். இரண்டு பழைய மோடங்கள் உள்ளன. பயன்படுமா?

பயன்படும். எனக்கு வந்தவற்றுள் மிக நல்ல கேள்வி இது. உங்கள் இன்டர்காமை இயக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியில் சாதாரண அனலாக் தொலைபேசி இணையும் இரண்டு இணைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பொத்தான்களும் திரையும் உள்ள டிஜிட்டல் தொலைபேசிக்கான இணைப்பில் மோடத்தைச் செருகினால் மோடம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

அலுவலக மோடத்துக்கு ஏடிஎஸ்0=1 கொடுத்தால் முதல் மணியிலேயே அழைப்பை ஏற்கும்; லினக்சில் எம்கெட்டி என்ற நிரலை அமைத்தால் அதுவே அழைப்பை ஏற்று உள்நுழையும் பக்கத்தைக் காட்டும். எடைமேடையிலிருந்து, அலுவலக இணைப்பின் எண் 21 என்றால், ஏடிஎக்ஸ்3டிடி21 என்று டயல் செய்யுங்கள். எக்ஸ்3 என்பது டயல் டோனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்ற உத்தரவு. இன்டர்காம் தரும் டோன் பொதுத் தொலைபேசியின் டோனிலிருந்து வேறுபடுவதால் இது இல்லாமல் மோடம் டயல் செய்ய மறுக்கக்கூடும்.

இரண்டு சாதாரண மோடங்களுக்கு இடையே நொடிக்கு 33,600 பிட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் 56 கே என்று எழுதியிருந்தாலும், அந்த வேகத்துக்கு மறுமுனை டிஜிட்டல் கம்பியில் நேரடியாக இணைந்திருக்க வேண்டும். 33,600 பிட் என்பது நொடிக்குச் சுமார் நான்காயிரம் எழுத்து. ஒரு எடைச் சீட்டுக்கு இது தாராளம். ஆனால் இரண்டு மோடங்களும் கூவிப் பேசி உடன்படுவதற்கே அரை நிமிடம் வரை ஆகும். எனவே ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியாக டயல் செய்யாமல், காலையில் ஒருமுறை இணைத்து, பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரல் மூலம் இரண்டு கணினிகளுக்கும் ஐபி முகவரி கொடுத்து, மாலை வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

மொரப்பூர்: உள் மோடத்துக்கு லினக்ஸ் டிரைவர் எங்கே கிடைக்கும்?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். சிப்பின் எண்ணை நீங்கள் எழுதவில்லை.

ஓசூர், பொறியாளர்: வீட்டில் செப்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் பெட்டியில் தொலைபேசி போர்ட் இருக்கிறது. அதில் என் ஃபேக்ஸ் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது. எனவே மோடமும் வேலை செய்யும் அல்லவா?

ஃபேக்ஸ் வேலை செய்வதை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. ஃபேக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் பேசும், அதிகபட்சம் 14,400 பிட் வேகத்தில் பேசுவதே வழக்கம். தவிர, பல ஃபைபர் பெட்டிகள் ஃபேக்ஸ் ஒலியை அடையாளம் கண்டு டி.38 என்ற தனி முறையில் தரவாகவே அனுப்பிவிடும். 33,600 பிட் மோடம் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுகிறது.

அதே பொறியாளர்: ஜி.711 முறையில் குரல் சுருக்கப்படாமல் 64 கிலோபிட்டில்தானே போகிறது? பழைய எக்ஸ்சேஞ்சிலும் இதுதானே நடந்தது?

அளவு ஒன்றுதான், கடிகாரம் வேறு. எக்ஸ்சேஞ்ச் முழுவதும் ஒரே கடிகாரத்தில் நொடிக்கு 8,000 மாதிரிகளை எடுத்தது. ஒரு மாதிரியும் தவறாது. ஃபைபரில் குரல் பாக்கெட்டுகளாகப் போகிறது. பாக்கெட் தாமதமானால் பெட்டி அந்த இடைவெளியைத் தானே நிரப்புகிறது, அல்லது சில மாதிரிகளை விட்டுவிடுகிறது. மனிதக் காதுக்கு அது தெரியாது. அலையின் கட்டத்தை (ஃபேஸ்) பின்தொடரும் மோடத்துக்கு அது காலடியில் தரை நழுவுவது போன்றது. அது மீண்டும் முதலிலிருந்து கூவத் தொடங்கும். குரலைச் சுருக்கும் ஜி.729 முறை என்றால் 8 கிலோபிட்டுக்குள் மனிதக் குரலின் வடிவத்தை மட்டும் அனுப்புவதால் மோடம் இணையவே இணையாது.

தருமபுரி, தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்: நான் ஃபைபர் வழியாகவே 33,600இல் இணைத்துப் பார்த்திருக்கிறேன். முடியாது என்று சொல்வது தவறு.

ஐயா, முடியாது என்று நான் சொல்லவில்லை. மோடம் முதலில் எழுப்பும் 2100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டுப் பெட்டி எதிரொலி நீக்கியை அணைத்து, ஜி.711 முறையும் அமைந்து, வழியில் நெரிசலும் இல்லாவிட்டால் தாங்கள் சொன்னபடியே இணையும். அந்த இணைப்பு எத்தனை நேரம் நிற்கிறது என்பதே என் கவலை. வேலைக்கு நம்ப வேண்டுமானால் பிளஸ் எம்எஸ் கட்டளையால் மோடத்தை 9,600க்கோ 14,400க்கோ கட்டுப்படுத்தி, கோப்பு ஒன்றை இசட்மோடம் முறையில் அனுப்பி, பிழையால் திரும்ப அனுப்பப்படும் பகுதிகள் எத்தனை என்று பாருங்கள். ஓசூர் அன்பரும் அதையே செய்யட்டும். வாதத்தால் இது தீராது.

ஊத்தங்கரை: சித்திரையில் இடி விழுந்த மறுநாளிலிருந்து மோடம் ஏடி கட்டளைக்கு ஓகே சொல்கிறது, ஆனால் நோ டயல்டோன் என்கிறது. தொலைபேசியில் டோன் வருகிறது.

கணினிப் பக்கம் உயிரோடு இருக்கிறது, கம்பிப் பக்கம் கருகிவிட்டது. உள்ளே கம்பி நுழையும் இடத்தில் உள்ள சிறு டிரான்ஸ்பார்மருக்கும் ரிலேக்கும் அருகில் கரிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். திறப்பதற்கு முன் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்குங்கள்; அதில் எப்போதும் 48 வோல்ட் டிசி இருக்கிறது, மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் ஏசி வரும். நம் பகுதியில் கோடை மழை இடியோடுதான் வருகிறது. மேற்கே மேகம் கறுத்தால் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. மின்னல் வருவது தொலைபேசிக் கம்பி வழியாக.

பர்கூர்: லூசென்ட் அட்டைக்கு டிரைவர்?

முதல் பதில்.

தேன்கனிக்கோட்டை: இணைப்பு முடிந்த பிறகும் மோடம் லைனை விடுவதில்லை. ஏடிஎச் என்று தட்டினால் அந்த எழுத்துகள் மறுமுனைக்குப் போய்விடுகின்றன.

இணைப்பில் இருக்கும்போது நீங்கள் தட்டுவதெல்லாம் தரவுதான். ஒரு நொடி எதையும் தட்டாமல் இருங்கள், மூன்று கூட்டல் குறிகளைத் தொடர்ந்து தட்டுங்கள், மீண்டும் ஒரு நொடி கையை எடுத்துவிடுங்கள். ஓகே வரும். அப்போது ஏடிஎச் கொடுத்தால் லைன் விடுபடும். அப்படியும் விடாவிட்டால் தொலைபேசிக் கம்பியைக் கழற்றி மாட்டுங்கள்.